முப்பது வயசுல சும்மா வீட்டுல இருக்குற பையனும் ஒரு டப்பா பசையும்

போன மாசம் என்கிட்ட கவுன்சிலிங்குக்கு ஒரு அம்மா வந்தாங்க. பையனுக்கு 31 வயசு, எஞ்சினியரிங் முடிச்சு ரெண்டு கம்பெனி மாறி இப்ப மூணு வருஷமா வீட்டுல தான், "அவங்கப்பா தண்டச்சோறுன்னு திட்டுவாரு மேடம், ஒரு நாள் நானும் சொல்லிட்டேன்"னு அழுதாங்க. பையன் வரல. இந்த மாதிரி கேஸ்ல முதல் தடவை அம்மா மட்டும் தான் வருவாங்க, எனக்கு பழகிப்போச்சு.

அவங்க போனப்புறம் 'ஜெஃப் ஹூ லிவ்ஸ் அட் ஹோம்'னு ஒரு அமெரிக்கப் படம் ஞாபகம் வந்துச்சு. ஜே டுப்ளாஸ், மார்க் டுப்ளாஸ்னு அண்ணன் தம்பி எடுத்தது, 2012ல ரிலீஸ், ஒன்றரை மணி நேரம் கூட இல்ல. லூசியானால பேட்டன் ரூஜ்ல நடக்குது. ஜெஃப்புக்கு 30 வயசு, அம்மா வீட்டு பேஸ்மென்ட்ல சோபாவே கதின்னு கெடக்குறான், கஞ்சா வேற. அம்மாவா வர்ற சூசன் சரண்டன் ஆபீஸ்ல இருந்து போன் பண்ணி, கதவுல ஒரு மரச்சட்டம் உடைஞ்சிருக்கு, பஸ் புடிச்சு போய் மரம் ஒட்டுற பசை வாங்கிட்டு வந்து ஒட்டி வைன்னு கத்துறாங்க. அவ்ளோ தான் கதையோட தொடக்கம்.

கத்துனது தப்பு, ஆனா கேட்டது சரின்னு தான் நான் சொல்லுவேன். "வாழ்க்கைல என்ன தான் பண்ணப்போற"ங்கிற கேள்விக்கு அவன்கிட்ட பதில் இல்ல, இருந்திருந்தா சோபால ஏன் கெடக்கப்போறான்? பசை வாங்குறதுக்கு ஒரு முடிவு இருக்கு, ஒட்டுனா கண்ணுக்கு தெரியும். நாங்க இத பிஹேவியரல் ஆக்டிவேஷன்னு சொல்றோம். மனசு சரியானப்புறம் வேலை செய்யலாம்னு காத்திருந்தா மனசு சரியாகாது, சின்னதா ஏதாவது செய்ய செய்ய தான் மனசு பின்னாடியே மெதுவா வரும். ஆனா ஒண்ணு, கொத்தமல்லி வாங்கிட்டு வந்தவன்கிட்ட "இதுக்காவது லாயக்கா இருக்கியே"ன்னு ஒரு வார்த்தை விட்டா போச்சு, ஒரு வீட்டுல அதுக்கப்புறம் ரெண்டு வாரம் அவன் ரூம் கதவே தொறக்கல.

படத்துல எனக்கு உறுத்துற இடம் வேற. கெவின்னு யாரையோ கேட்டு ஒரு ராங் நம்பர் கால் வருது, அது தனக்கான அறிகுறின்னு ஜெஃப் நம்பி, அந்தப் பேரு எங்க தெரிஞ்சாலும் பின்னாடியே போறான். கடைசில (படம் பாக்காதவங்க இத தாண்டிடுங்க) தண்ணில மூழ்குனவங்கள ஜெஃப் பாலத்துல இருந்து குதிச்சு காப்பாத்துறான், அதுல ஒருத்தர் பேரு கெவின். சினிமால அழகு தான். ஆனா என் முன்னாடி ஒரு பையன் உக்காந்து டிவில வர்றது, பஸ் நம்பரு எல்லாம் எனக்குத்தான் ஏதோ சொல்லுதுன்னு சொன்னா நான் உடனே சைக்யாட்ரிஸ்ட்கிட்ட அனுப்பிடுவேன். அத மாதிரி குளிக்காம இருக்கிறது, தனியா பேசுறது, ராத்திரி முழுக்க முழிச்சு பகல்ல தூங்குறது, பிடிச்ச கிரிக்கெட்ட கூட பாக்காம இருக்கிறது, செத்துடலாம்னு பேசுறது, இதெல்லாம் சோம்பேறித்தனம்னு விட்டுடாதீங்க. பையன் வரமாட்டேன்னா நீங்களாவது 14416க்கு போன் பண்ணுங்க, அரசாங்கத்தோட டெலி மானஸ்ங்கிற மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.

படத்துல ஜெஃப்போட அண்ணன் பேட் கதையும் பாருங்க, வேலை, கல்யாணம்னு எல்லாம் செட்டில் ஆனவன், தகுதிக்கு மீறி போர்ஷே கார் வாங்கி பொண்டாட்டிகிட்ட சண்டை. "அண்ணனப் பாரு"ன்னு சொல்ற வீட்டுக்காரங்களுக்கு இத போட்டுக் காட்டணும்.

அந்த அம்மாகிட்ட நான் சொல்லி அனுப்புனது, மிக்சி ஜார் வாஷர் போயிடுச்சுன்னு பேச்சுவாக்குல சொல்லியிருந்தாங்க, அந்த பழைய வாஷர அவன் கையில குடுத்து அதே மாதிரி புதுசு வாங்கிட்டு வரச் சொல்லுங்க, அன்னைக்கு மட்டும் வேலை பேச்சே எடுக்காதீங்கன்னு. அடுத்த வாரம் வந்தாங்க. போனானாம், சைஸ் தப்பா வாங்கிட்டு வந்தானாம். "நான் எதுவும் சொல்லல மேடம், வாய மூடிக்கிட்டேன், சாயங்காலம் அவனே போய் மாத்திட்டு வந்தான்."