கறுப்பு மணலும் நீலக் கல்லும்: பெனிட்டோயைட் ஏன் இவ்வளவு அரிது?

கிழக்கிலங்கையின் திருக்கோவில் கடற்கரையில் நடந்தவர்களுக்குக் கறுப்பு மணல் தெரியும். மாரி காலத்தில் கடல் பெருகி அடித்துவிட்டு வடிந்த பிறகு, வெளிறிய மணலின் மேல் பட்டை பட்டையாகக் கறுப்பு படிந்து கிடக்கும். வாகரைப் பக்கமும் அப்படித்தான். அந்தக் கறுப்பில் பெரும்பங்கு இல்மனைட். இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த கனிமம் அது. அதை அகழ்வதற்கு எதிராக இரண்டு பக்கத்து மக்களும் குரல் எழுப்பியதால் அந்தப் பெயர் இன்று கிழக்கில் பலருக்கும் பழக்கம்.

கடலை விட்டு மேற்கே போனால் காட்டுக்கும் வயலுக்கும் நடுவே பாறைக் குன்றுகள் எழும்பி நிற்கும். குடும்பிமலை அதில் பேர்போனது. பொதுவாகக் கருங்கல் என்று சொல்லிவிடுகிறோம். புவியியலாளர்கள் இதை நைஸ் பாறை என்பார்கள். மட்டக்களப்பும் அம்பாறையும் பெரும்பாலும் அமர்ந்திருக்கிற விஜயன் தொகுதியின் முக்கியமான பாறை இதுதான். உடைத்த துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பட்டைகள் தெரியும். அவை பெல்ஸ்பார். அதற்குள் சிறிதளவு பேரியம் ஒளிந்திருக்கிறது. கண்ணாடி மாதிரித் தெரிகிற மணிகள் குவாட்ஸ், அதாவது சிலிக்கனும் ஒட்சிசனும்.

பேரியம், தைத்தேனியம், சிலிக்கன், ஒட்சிசன். நான்கும் நம் மாவட்டங்களிலேயே இருக்கின்றன. இந்த நான்கும் 1:1:3:9 என்ற கணக்கில் ஒரே படிகத்தில் சேர்ந்தால் வருவது பெனிட்டோயைட் என்ற நீலக் கனிமம். அதை இரத்தினமாக வெட்டக்கூடிய தரத்தில், தொழிலாகத் தோண்டி எடுத்த இடம் உலகத்திலேயே ஒன்றுதான்: அமெரிக்காவின் கலிபோர்னியாவில், சான் பெனிட்டோ கவுண்டியில் உள்ள ஒரு மலைச்சரிவு. மூலப்பொருள் எங்கும் கிடக்கிறது, ஆனால் கல் ஓரிடத்தில்தான் கிடைக்கிறது. இது ஏன் என்பதற்குப் பதில் பேரியத்தின் குணத்தில் இருக்கிறது.

பேரியம் அரிய தனிமம் இல்லை. பூமியின் மேலோட்டுப் பாறையில் ஒரு தொன் எடுத்தால் சராசரியாக 400 கிராமுக்கு மேல் பேரியம் இருக்கும். செம்பையும் ஈயத்தையும்விட இது பல மடங்கு அதிகம். ஆனால் செம்புக்கும் ஈயத்துக்கும் எத்தனையோ சொந்தக் கனிமங்கள் உண்டு. பேரியத்துக்கு, அதுவும் சிலிக்கேற்றாக (சிலிக்கனும் ஒட்சிசனும் அடிப்படையான கனிமமாக), அப்படி அமைவது குறைவு. காரணம் அதன் பருமன். பேரிய அயன், அதாவது மின்னேற்றம் பெற்ற பேரிய அணு, பெரியது, ஏறத்தாழப் பொற்றாசிய அயனின் அளவு. உருகிய பாறை ஆறி பெல்ஸ்பார் படிகமாகும்போது பொற்றாசியத்துக்கென்று சில இடங்கள் அமையும். பஸ்ஸில் ஒருவருக்குப் பிடித்துவைத்த சீட்டில் அதே உடம்புக்காரர் இன்னொருவர் வந்து உட்கார்ந்துவிடுவதைப் போல, பேரியம் அந்த இடத்தில் போய் அமர்ந்துகொள்ளும். பொற்றாசியத்துக்கு ஒரு மின்னேற்றம், பேரியத்துக்கு இரண்டு. அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்ட, பக்கத்தில் ஒரு சிலிக்கன் விலகி அதன் இடத்துக்கு அலுமினியம் வரும். கணக்கு நேராகிவிடும். பொற்றாசியம் எப்போதும் பேரியத்தைவிட மிக அதிகமாக இருப்பதால், பேரியத்துக்குத் தனி வீடு கட்ட வேண்டிய தேவையே வருவதில்லை.

சரி, பாறை உக்கினால் பேரியம் வெளியே வருமே? வரும். அங்கேதான் அடுத்த பூட்டு. ஆற்றோடு கடலுக்குப் போகிற பேரியம், கடல்நீரில் நிறைய இருக்கிற சல்பேற்றைச் சந்திக்கிறது. பேரியமும் சல்பேற்றும் சேர்ந்தால் தண்ணீரில் கரையாத பரைட் என்ற கனிமம். அது எவ்வளவு கரையாதது என்பதற்கு ஆஸ்பத்திரியே சாட்சி. வயிற்றையும் குடலையும் எக்ஸ்ரே எடுப்பதற்கு முன் குடிக்கக் கொடுக்கிற வெள்ளைக் கலவை பேரியம் சல்பேற்றுதான். கரைகிற பேரிய உப்புகள் கடும் நஞ்சு. ஆனால் சல்பேற்று வடிவத்தில் அது உடம்பில் கலக்காமல் வந்த வழியே வெளியே போய்விடுகிறது.

தைத்தேனியத்தின் கதை இதற்கு நேர்மாறு. பாறை உக்கினாலும் இல்மனைட் அவ்வளவு இலகுவில் கரைவதில்லை. மணியாகவே ஆற்றில் உருண்டு கடலுக்கு வருகிறது. அதன் அடர்த்தி 4.7 அளவு, குவாட்ஸின் அடர்த்தி 2.65. அலை திரும்பிப் போகும்போது இலேசான குவாட்ஸ் மணலை அள்ளிக்கொண்டு கனமான இல்மனைட்டை விட்டுவிட்டுப் போகும். திருக்கோவிலில் நாம் பார்க்கிற கறுப்புப் பட்டை அப்படி உண்டானது. ஆக, ஒரே பாறையில் இருந்து புறப்பட்ட இரண்டில் ஒன்று கரையில் மணலாகக் குவிகிறது, மற்றது களிமண்ணிலும் கடலடியிலும் கலந்து போகிறது. இயற்கையின் வழக்கமான ஓட்டம் இவை இரண்டையும் பிரித்து வைக்கிற ஓட்டம்.

சான் பெனிட்டோவில் அந்த ஓட்டம் மாறியது. அங்கே பழைய கடலடிப் பாறைகள் கண்டத்தின் அடியில் இழுபட்டு, அதிக அழுத்தத்துக்கும் ஒப்பீட்டளவில் குறைந்த வெப்பத்துக்கும் ஆளாகி, நீலநிறமான ஒரு வகை உருமாறிய பாறையாக ஆயின. அந்தப் பாறைத் துண்டுகள் சேர்ப்பன்டினைட் என்ற பச்சைப் பாறைத் திணிவுக்குள் சிக்கிக் கிடந்தன. பிறகு பாறை விரிசல்களில் 200 முதல் 300 பாகை செல்சியஸ் வரையான சூட்டில் நீர்க்கரைசல்கள் ஊறி ஓடின. அவை சுற்றியிருந்த பாறையைக் கரைத்துப் பேரியத்தையும் தைத்தேனியத்தையும் ஒரே விரிசலுக்குள் கொண்டுவந்து சேர்த்தன. அந்த நீரில் சல்பேற்று மிகுந்திருந்தால் பேரியம் முழுவதும் பரைட்டாகப் படிந்திருக்கும். பொற்றாசியமும் அலுமினியமும் மிகுந்த பாறைக்குழம்பாக இருந்தால் மறுபடியும் பெல்ஸ்பாருக்குள் போயிருக்கும். இரண்டும் நடக்கவில்லை.

நிலத்தடியில் சூடான நீர் ஓடுவது நமக்குப் புதிய விஷயம் இல்லை. அம்பாறை மாவட்டத்து மகா ஓயாவில் 50 பாகைக்கும் மேலான சூட்டில் வெந்நீர் ஊறுகிறது. அங்கே எரிமலை எதுவும் கிடையாது. மழைநீர் பாறை விரிசல்களின் வழியே ஆழத்துக்குப் போய், பூமியின் சாதாரண உட்சூட்டில் வெந்து, மேலே திரும்பி வருகிறது. விஜயன் தொகுதியும் நடுமலைநாட்டின் உயர்நிலத் தொகுதியும் ஒன்றோடொன்று மோதிய எல்லைக்குக் கிட்ட அந்த ஊற்று இருப்பது கவனிக்க வேண்டியது. அதே எல்லையோரமாகத் தெற்கே உஸ்ஸன்கொட போன்ற இடங்களில் சேர்ப்பன்டினைட்டும் இருக்கிறது. கேட்டால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் நம் பாறைகள் 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, 600 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் ஆழத்தில் வெந்தவை. குளிர்ச்சியாக அமுக்கப்பட்ட அந்த நீலப் பாறை இங்கே இல்லை. பெனிட்டோயைட்டைத் தேடிக் குடும்பிமலை ஏறுவதில் பயனில்லை.

கல் கண்டுபிடிக்கப்பட்டது 1907இல். கனிமம் தேடி அந்த மலைக்குப் போன ஜேம்ஸ் கௌச் நீலப் படிகங்களைக் கண்டார். நீலக்கல் (சபயர்) என்றுதான் பலரும் நினைத்தார்கள். பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஜோர்ஜ் லௌடர்பேக் ஆராய்ந்து பார்த்து, இது அறிவியலுக்கே புதிய கனிமம் என்று அறிவித்துப் பெயர் வைத்தார்.

எனக்கு இந்தக் கனிமத்தில் மிகவும் பிடித்தது அதன் வடிவம். படிகத்தின் மேல்முகம் நல்ல முக்கோணமாக இருக்கும். படிகங்கள் எத்தனை விதமான சமச்சீர் கொள்ளலாம் என்று 1830இல் ஜெர்மானியரான ஜொஹான் ஹெஸ்ஸல் கணிதத்தால் கணக்கிட்டார். 32 வகை மட்டுமே சாத்தியம் என்று வந்தது. அதில் ஒரு வகை: மூன்று பக்கமும் ஒத்த முக்கோண அமைப்பு, நடுவில் குறுக்காக ஒரு கண்ணாடித் தளம், மேலே இருப்பது அப்படியே கீழேயும். இந்த வகைக்கு இயற்கைக் கனிமம் ஒன்றுகூடத் தெரியாமல் இடம் காலியாகவே கிடந்தது. 77 ஆண்டுகள் கழித்துக் கலிபோர்னிய மலையில் கிடைத்த கல் அதில் சரியாகப் பொருந்தியது. ஒருவர் தாளில் போட்ட கணக்கை, அவர் பார்க்காத ஒரு மலை உறுதிப்படுத்தியது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

அந்த முக்கோணம் எங்கிருந்து வருகிறது? சிலிக்கேற்றுகள் எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றுதான்: ஒரு சிலிக்கனைச் சுற்றி நான்கு ஒட்சிசன், ஒரு நான்முகி. இந்த நான்முகிகள் மூலைகளைப் பகிர்ந்துகொண்டு சங்கிலியாகலாம், தாளாகலாம், குவாட்ஸில் போல எல்லாத் திசையிலும் பின்னலாம். பெனிட்டோயைட்டில் மூன்று நான்முகிகள் மூலைக்கு மூலை தொட்டு ஒரு சின்ன வளையமாக மூடிக்கொள்கின்றன. 1930இல் சக்கரையாசென் என்ற அறிஞர் எக்ஸ் கதிர் கொண்டு இதைக் கண்டறிந்தார். வளையங்களுக்கு இடையில் தைத்தேனியமும் பேரியமும் நின்று அவற்றைப் பிணைக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத முக்கோண வளையங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஒழுங்காக நின்றால், கையில் எடுக்கிற படிகமும் முக்கோணமாகத்தானே இருக்கும்.

இலங்கையில் நீலக்கல்லைத் தெரியாதவர் இல்லை என்பதால் அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. ஒளிமுறிவுச் சுட்டி, அதாவது கல் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்ற அளவு, நீலக்கல்லுக்கு 1.76 முதல் 1.77 வரை, பெனிட்டோயைட்டுக்கு 1.757 முதல் 1.804 வரை. முதல் வாசிப்பில் ஏமாந்துபோக இடமுண்டு. ஆனால் பெனிட்டோயைட்டுக்குள் நுழைகிற ஒளி இரண்டாகப் பிரிகிற அளவு மிகப் பெரியது. வெட்டிய கல்லை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் பின்பக்கப் பட்டைகளின் ஓரங்கள் இரட்டைக் கோடாகத் தெரியும். நீலக்கல்லில் அப்படித் தெரியாது. வெள்ளை ஒளியை வானவில் நிறங்களாகச் சிதறடிக்கிற திறனில் அது வைரத்துக்குக் கிட்ட நிற்கிறது. நீலக்கல்லுக்கு அந்தத் திறன் அதில் பாதிகூட இல்லை. கல்லின் கடும் நீலம் இந்தப் பளபளப்பை ஓரளவு மறைத்துவிடுவதால், வெளிறிய கற்களில்தான் அது நன்றாகத் தெரியும்.

கல் வெட்டுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு. பெனிட்டோயைட்டை முக்கோணத்தின் நேர் மேலிருந்து பார்த்தால் நிறமே இருக்காது, பச்சைத் தண்ணீர் போலத் தெளிந்திருக்கும். பக்கவாட்டில் திருப்பினால் நீலம் திரண்டு வரும். நீலக்கல்லில் இது தலைகீழ், படிக அச்சின் வழியே பார்க்கும்போதுதான் நல்ல நீலம். இரத்தினபுரியில் நீலக்கல் வெட்டிப் பழகிய கை, அதே பழக்கத்தில் பெனிட்டோயைட்டின் முகப்பை அமைத்தால் நிறமற்ற கல்தான் மிஞ்சும். இன்னொன்று, கடினம். நீலக்கல்லுக்கு மோஸ் அளவில் 9, இதற்கு 6 முதல் 6.5. குவாட்ஸ் 7. கல்லடிக் கடற்கரை மணலில் தேய்த்தாலே கீறல் விழும். வெட்டிய கற்களில் பெரும்பாலானவை ஒரு கரட்டுக்கும் குறைவு.

இருட்டில் பார்க்க வேண்டிய கல் இது. 254 நானோமீற்றர் அளவிலான குறுகிய அலைப் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினால் பிரகாசமான நீலமாக ஒளிரும். காரணம் தைத்தேனியம்தான். ஆறு ஒட்சிசன்களுக்கு நடுவே அது இருக்கிறது. புற ஊதாக் கதிரின் ஆற்றலை வாங்கி ஒட்சிசனிலிருந்து ஒரு இலத்திரன் தைத்தேனியத்துக்குத் தாவுகிறது. திரும்பி விழும்போது அந்த ஆற்றலில் ஒரு பகுதி நீல ஒளியாக வெளிவருகிறது. கடைகளில் நோட்டுப் பார்க்க வைத்திருக்கிற விளக்கு நீண்ட அலை வகை. அதற்கு இந்த நீலம் எழும்பாது. கலிபோர்னியாவில் தேடுகிறவர்கள் குறுகிய அலை விளக்கோடு சரளைக்குள் துழாவுவார்கள். பாறைக்குள் இருக்கிற படிகங்களை வெளியே எடுப்பது வேறு வேலை. அவற்றைச் சுற்றி நேட்ரோலைட் என்ற வெள்ளைக் கனிமம் அடைத்திருக்கும். ஐதரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் வெள்ளை கரைந்துபோகும், நீலம் அப்படியே நிற்கும். கூடவே நெப்டியூனைட் என்ற கருஞ்சிவப்புப் படிகங்களும் வெளிப்படும்.

கலிபோர்னியா 1985இல் இதைத் தன் மாநில இரத்தினக்கல்லாக அறிவித்தது. 2000களின் நடுவில் அங்கே தொழில்முறைச் சுரங்க வேலை நின்றுவிட்டது. ஜப்பானின் நீகாத்தாப் பகுதியிலும் அமெரிக்காவின் ஆர்கன்சாவிலும் சிறு அளவில் பெனிட்டோயைட் உண்டு. ஆனால் வெட்டத்தக்க கல்லாக அவை வரவில்லை.

அதே கலிபோர்னியாவின் பிரெஸ்னோ கவுண்டியில் பேரியம் இன்னொரு வழியில் விடுதலை அடைந்தது. பேரியம் செறிந்த பழைய படிவுகளைக் கொதிக்கிற பாறைக்குழம்பு தொட்டு வேகவைத்தது. அங்கிருந்து 1965இல் மட்டும் ஏழு புதிய பேரிய சிலிக்கேற்றுகள் ஒன்றாக அறிவிக்கப்பட்டன.

இவ்வளவு அரிதாக இயற்கை செய்கிற இந்தச் சேர்க்கையை மனிதர்கள் சூளையில் செய்திருக்கிறார்கள். பழைய சீனாவில், 2,000 ஆண்டுகளுக்கும் முன்பு, பேரியமும் செம்பும் சிலிக்காவும் சேர்த்து நீலமும் ஊதாவுமாக இரண்டு சாயங்கள் உண்டாக்கினார்கள். சீ ஆன் நகருக்கு அருகில் தோண்டி எடுத்த சுடுமண் போர்வீரர்களின் உடையில் அந்த ஊதா இருக்கிறது. பேரியத்துக்கு அவர்கள் பயன்படுத்திய மூலப்பொருள்களில் ஒன்று பரைட், அதாவது நாம் மேலே பார்த்த அதே கரையாத சல்பேற்று. அதைப் பிரித்தெடுக்க ஈயச் சேர்மங்களைக் கலந்து, ஏறத்தாழ 900 முதல் 1,000 பாகை வரை நீண்ட நேரம் சுட்டார்கள். ஈயம் இருந்ததால் சல்பேற்றுப் பூட்டு திறந்து பேரியம் சிலிக்காவோடு சேர்ந்தது. இயற்கையில் அந்த நீலத்துக்கு நிகரான கனிமம் தென்னாபிரிக்காவின் வெசல்ஸ் சுரங்கத்தில் கிடைத்து, 1994இல்தான் விவரிக்கப்பட்டது. ஊதாவுக்கு நிகரானதும் பின்னர் அதே சுரங்கத்திலிருந்துதான் வந்தது.