ஃப்ரீபிஎஸ்டியில் டெஸ்க்டாப்: திரை கறுத்துப்போவது எங்கே, ஏன்?

யூனிக்ஸ் வகை இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியை நிறுவி மறுதொடக்கம் செய்தால் கறுப்புத் திரையில் ஒரு லாகின் வரி வந்து நிற்கும், அவ்வளவுதான். நிறுவல் பழுதாகிவிட்டதோ என்று குழம்ப வேண்டாம். அடிப்படை சிஸ்டம் வேறு, டெஸ்க்டாப் வேறு. பின்னது தனிப் பேக்கேஜ்களாகத்தான் வரும். அந்தப் பேக்கேஜ்களை ஒரே மூச்சில் இறக்கி, அத்தனையும் பூட் ஆகும்போதே ஓடும்படி எழுதிவைத்துவிட்டு மறுதொடக்கம் செய்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். திரை கறுத்தால் குற்றவாளி கர்னல் டிரைவரா (சிஸ்டத்தின் மையமான கர்னலுக்குள் ஓடி வன்பொருளை இயக்கும் நிரல்), எக்ஸ் சர்வரா (திரையில் ஜன்னல்களைக் காட்டும் மென்பொருள்), லாகின் மேனேஜரா (வரைகலை லாகின் திரை) என்று பிரித்துப் பார்க்க வழி இருக்காது.

கை வைப்பதற்கு முன் இரண்டு தற்காப்புகள். வட்டு இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை என்றால் பெக்டில் கிரியேட் கட்டளையால் ஒரு பூட் என்விரான்மென்ட், அதாவது சிஸ்டத்தின் இப்போதைய நிலையின் நகல், எடுத்துவையுங்கள். எது கெட்டாலும் பூட் மெனுவிலிருந்தே பழைய நிலைக்குத் திரும்பலாம். அடுத்து, வலையமைப்பு வழியே நுழைய உதவும் எஸ்எஸ்எச்டி சேவையை இயக்கிவையுங்கள். திரை உறைந்தாலும் பல நேரம் கணினி உயிரோடுதான் இருக்கும். இன்னொரு கணினியிலிருந்து உள்ளே நுழைந்து, கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையை ஓட்டிப் பார்த்தால் காரணம் எழுதியிருக்கும்.

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் கிராஃபிக்ஸ் டிரைவர். இன்டெல், ஏஎம்டி இரண்டுக்கும் டிஆர்எம்-கேமாட் பேக்கேஜ். சிப்புக்குள் ஏற்ற எந்த ஃபர்ம்வேர் வேண்டும் என்பதை எஃப்டபிள்யூகெட் என்ற கருவியே கண்டுபிடித்து நிறுவிவிடும். இன்டெலுக்கு ஐ915கேஎம்எஸ், புதிய ஏஎம்டிக்கு ஏஎம்டிஜிபியு, பழையதற்கு ரேடியான்கேஎம்எஸ் என்று கர்னலில் ஏற்றும் மாட்யூலின் பெயர் மாறும். என்விடியாவுக்கு அதன் சொந்த டிரைவர் பேக்கேஜும் என்விடியா-மோட்செட் மாட்யூலும்.

மாட்யூலை உடனே, பூட் ஆகும்போது ஓட வேண்டியவற்றைக் குறிக்கும் ஆர்சி.கான்ஃப் கோப்பில் எழுதிவிடாதீர்கள். முதலில் சிங்க் கொடுத்து வட்டை ஒத்திசைத்துவிட்டு, ரூட்டாக (நிர்வாகியாக) கேஎல்டிலோட் கட்டளை மூலம் கையால் ஏற்றிப் பாருங்கள். திரை ஒரு கணம் கறுத்து மீளும். பெரும்பாலும் எழுத்துகள் பொடிப்பொடியாகிவிடும். அது நல்ல சகுனம்: டிரைவர் திரையின் முழுத் தெளிவுத்திறனைப் பிடித்துவிட்டது. மாறாக உறைந்துபோனால் மறுதொடக்கம் செய்தால் போதும், எதுவும் பதிவாகாததால் பழைய லாகின் வரிக்கே வருவீர்கள். ஏறியது உறுதியான பிறகுதான் சிஸ்ஆர்சி கட்டளை கொண்டு ஆர்சி.கான்ஃபின் கேஎல்டி_லிஸ்ட் வரியில் சேர்க்க வேண்டும். பழைய வழிகாட்டிகள் சில, கர்னல் ஓடத் தொடங்கும் முன்பே படிக்கப்படும் லோடர்.கான்ஃபில் எழுதச் சொல்லும். கேட்காதீர்கள். அந்தக் கட்டத்தில் டிரைவர் ஏறுவது ரொம்ப சீக்கிரம்; பூட் பாதியிலேயே நின்றுவிடலாம்.

அடுத்தது அனுமதி. பயனரை வீடியோ குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் உள்ளே வர வேண்டும். மறந்தாலும் டெஸ்க்டாப் வந்துவிடும் என்பதுதான் இதில் உள்ள வம்பு. வரும், ஆனால் ஜன்னலை இழுத்தாலே விசிறி இரையும். ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ என்ற கருவியை ஓட்டி ரெண்டரர் என்ற வரியைப் பாருங்கள். அங்கே எல்எல்விஎம்பைப் என்று இருந்தால் படம் வரைவது கிராஃபிக்ஸ் சிப் அல்ல, சிபியு.

பிறகு எக்ஸ் சர்வரைத் தரும் ஸார்க் பேக்கேஜ். டெஸ்க்டாப் எதுவும் இல்லாமலே சாதாரணப் பயனராக ஸ்டார்ட்எக்ஸ் கொடுங்கள். ட்விம் என்ற பழங்கால ஜன்னல் மேலாளரும் சில டெர்மினல்களும் வரும். பார்க்க அசிங்கம்தான், ஆனால் எக்ஸ் சரியாக ஓடுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ரூட் அதிகாரம் தரும் சூடோ போட்டு ஓட்டாதீர்கள். வீட்டு அடைவிலுள்ள எக்ஸ்அத்தாரிட்டி கோப்பு ரூட்டுக்குச் சொந்தமாகிவிட்டால், பிறகு கடவுச்சொல் சரியாக இருந்தும் லாகின் திரைக்கே திருப்பி அனுப்பப்படுவீர்கள். ஸ்கிரீன்கள் இல்லை என்ற பிழை வந்தால் வார் லாக் அடைவில் உள்ள ஸார்க் பதிவில் இரட்டை ஈ எழுத்து போட்ட வரிகளை மட்டும் தேடுங்கள். இரட்டை டபிள்யூ வரிகள் வெறும் எச்சரிக்கை. கையால் ஸார்க்.கான்ஃப் எழுதும் அவசியம் இன்று அநேகமாக இல்லை. எங்கிருந்தோ நகலெடுத்த கோப்பு இருந்தால் முதலில் அதை அகற்றிவிட்டு முயலுங்கள்.

இதற்குப் பிறகு டெஸ்க்டாப் சுலபம். நிரல்கள் தமக்குள் பேசிக்கொள்ள உதவும் டிபஸ் சேவையை இயக்கி, எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் பேக்கேஜை நிறுவி, வீட்டு அடைவின் எக்ஸ்இனிட்ஆர்சி கோப்பில் ஸ்டார்ட்எக்ஸ்எஃப்சிஇ4 என்று ஒரு வரி எழுதினால் போதும். கேடிஇ டெஸ்க்டாப் என்றால் ப்ராக் கோப்பு முறைமையை எஃப்எஸ்டேப் கோப்பில் சேர்க்கவும் வேண்டும். வன்பொருளைக் கண்டறியும் பழைய ஹால் சேவையை இயக்கச் சொல்லும் வழிகாட்டி கண்ணில் பட்டால் அதன் தேதியைப் பாருங்கள், காலாவதியானது. தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் நோட்டோ தமிழ் எழுத்துரு போதும். லைட்டிஎம் அல்லது எஸ்டிடிஎம் லாகின் மேனேஜர் கடைசியில்தான். அதுவரை ஸ்டார்ட்எக்ஸ் கட்டளையே போதும்.

எல்லாம் ஓடிக்கொண்டிருந்து, பல மாதம் கழித்து சிஸ்டத்தை அடுத்த சிறு பதிப்புக்கு உயர்த்திய மறுநாள் திரை மீண்டும் கறுக்கலாம். வழக்கமான பேக்கேஜ்கள் இன்னும் ஆதரவிலுள்ள மிகப் பழைய சிறு பதிப்பின் மேல் கட்டப்படுபவை. மற்ற மென்பொருள்களுக்கு அது பொருட்டில்லை, ஆனால் கர்னலோடு ஒட்டி ஓடும் மாட்யூலுக்குப் பொருந்தாமல் போகலாம். கேஎல்டிலோட் செய்தால் பதிப்பு பொருந்தவில்லை என்ற செய்தி வரும். கர்னல் மாட்யூல்களுக்கென்றே உள்ள கேமாட்ஸ் களஞ்சியத்திலிருந்து டிஆர்எம்-கேமாட் பேக்கேஜை மறுபடி நிறுவுங்கள். அதுவும் கைகொடுக்காவிட்டால் உங்கள் பதிப்பின் கர்னல் மூலநிரலை யுஎஸ்ஆர் எஸ்ஆர்சி அடைவில் வைத்துக்கொண்டு, மூலநிரலிலிருந்து மென்பொருளைக் கட்ட உதவும் போர்ட்ஸ் தொகுப்பிலிருந்து கட்டலாம். அந்த வேலை முடியும்வரை கேஎல்டி_லிஸ்ட் வரியின் முன்னால் ஒரு ஹேஷ் குறி போட்டுவையுங்கள்.