ஜமாபந்தி: கணக்கைக் காட்டும் நாள்

கோடை முடியும் தறுவாயில் மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி, திருமங்கலம் வட்டாட்சியர் அலுவலகங்களில், கிராம வருவாய்க் கணக்குகளை ஆண்டுதோறும் சரிபார்க்கும் 'ஜமாபந்தி' நடைபெறும். அரபியில் 'ஜமா' என்பது திரட்டிய மொத்தம். பாரசீகத்தில் 'பந்தி' என்பது கட்டுதல், வரையறுத்தல். திரண்ட வருவாயைக் கணக்கிட்டு வரையறுத்தல் என்பதே இச்சொல்லின் பொருள். நம் விருந்துப் பந்திக்கும் இதற்கும் உறவில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ வேரூன்றச் செய்த ரயத்துவாரி முறையில் அரசு உழவரிடமே நேரடியாக வரி வாங்கியதால், அவரவர் பயிரிட்ட நிலத்தையும் பெற்ற தள்ளுபடியையும் பார்த்து, அவ்வாண்டு செலுத்த வேண்டியது இவ்வளவு என்று ஆண்டுதோறும் முடிவு செய்ய வேண்டியிருந்தது. அதற்கான கணக்கு இன்றும் பசலி ஆண்டிலேயே, ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை, ஓடுகிறது. 2024 ஜூலையில் பிறந்தது பசலி 1434.

அரசு வழங்கும் தமிழ்ச்சொல் 'வருவாய்த் தீர்வாயம்'. இதை வெறும் மொழிபெயர்ப்பு என்று நான் கருதவில்லை. நிலவரியைக் குறிக்கும் 'தீர்வை'யும் முடிவைக் குறிக்கும் 'தீர்வு'ம் ஒரே வேரில் கிளைத்தவை. 'ஆயம்' என்பதற்கு வரி என்றும் கூட்டம் என்றும் பொருளுண்டு. மூலச்சொல்லில் வசூலிப்பவர் மட்டுமே இருக்கிறார். தமிழில் கூடியிருக்கும் மக்களும் இருக்கிறார்கள். நிறைவு நாள் கூட்டத்துக்குக் 'குடிகள் மாநாடு' என்று பெயர். வரி செலுத்திய பழைய குடியும் இன்றைய குடிமகனும் அந்த ஒரு சொல்லில் சேர்ந்து நிற்கிறார்கள்.

கிராம நிர்வாக அலுவலர் அ-பதிவேடு (நிலங்களின் பரப்பு, வகை, தீர்வை ஆகியவற்றைக் காட்டும் ஏடு), அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் ஏடு), நில அளவைச் சங்கிலி ஆகியவற்றைக் கொண்டுவந்து தீர்வாய அலுவலர் முன் வைக்க வேண்டும். அன்று சோதிக்கப்படுவது அரசின் கணக்கே. ஆயினும் மக்கள் அதை மனு கொடுக்கும் நாளாக மட்டுமே அறிந்து, 'ஐயா பார்த்துச் செய்யணும்' என்று கைகூப்பி நிற்பதும், அதிகாரிகள் அப்பணிவை இயல்பென ஏற்பதும் எனக்கு வருத்தமளிக்கின்றன.

மதுரைக்குக் கிழக்கே ஒரு வட்டத்தில் முதியவர் ஒருவர் மனு ஏதுமின்றி வந்து, தம் புல எண்ணுக்கு அடங்கலில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதைக் கண்டேன். சற்றுத் தயங்கிய பின் ஏட்டை அவர் பக்கம் திருப்பினார்கள். நெல் நட்டிருந்த வயலுக்கு நேரே 'தரிசு' என்றிருந்தது. அவர் அந்த வரியில் விரலை வைத்தபடியே, திருத்தக் குறிப்பு எழுதி முடிக்கும்வரை நின்றார்.