சிக்னல் கோடு முழுசா இருக்கு, கால் மட்டும் போகலை

சென்னை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் தீபாவளிக் கூட்டம் சேரத் தொடங்கிய நேரம். ஒரு சந்தில் மட்டும் போனில் சிக்னல் கோடு முழுதாக நிற்கிறது, ஆனால் கால் போவதில்லை. போனாலும் எதிர்முனைக்குக் குரல் அறுந்து அறுந்து கேட்கிறது. டவர் வேலை செய்கிற எங்களுக்குத்தான் திட்டு. அது பழகிப்போன விஷயம். எனக்கு உறுத்தியது வேறு. டவருக்கு வந்துசேரும் இரைச்சல், அதாவது காதுக்குக் கேட்காத வேண்டாத ரேடியோ அலை, காலை பத்து மணிக்கு ஏறியது, இரவு கடை சாத்தும் நேரத்தில் இறங்கியது. டவர் கோளாறு ஷட்டர் நேரம் பார்த்து வராது.

எந்த அலைவரிசையில் எவ்வளவு சிக்னல் என்று திரையில் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரும் ஒரு கை ஆன்டெனாவுமாக இரண்டு நாள் அலைந்தோம். ஒரு துணிக்கடையின் மொட்டை மாடியில் மீன் முள் மாதிரி ஆன்டெனா, கீழே குடோனில் ஒரு பெட்டி. போன் சிக்னலைப் பெருக்கித் தரும் மொபைல் பூஸ்டர். ஸ்விட்சை அணைத்ததும் திரையில் இருந்த மேடு படுத்துவிட்டது. "காசு குடுத்து வாங்குனது சார், பில்லு கூட வெச்சிருக்கேன்" என்றார் கடைக்காரர்.

அந்தப் பெட்டிக்குள் இருப்பது மைக்ரோவேவ் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர். அது சிக்னலுக்கு ஊட்டும் டானிக் இல்லை. டிரான்சிஸ்டரின் கேட் என்னும் கட்டுப்பாட்டு முனையில் விழும் துளி வோல்டேஜ், பக்கத்தில் ஓடும் டிசி கரன்டைக் குழாய் திருகுவது போலக் கூட்டிக் குறைக்கிறது. வெளியே வரும் பெரிய சிக்னலின் சக்தி அந்த டிசியிலிருந்து வருவதுதான். வீட்டு டிஷ்ஷிலும் இதே கதை. செட்டாப் பாக்ஸ் அதே கேபிள் வழியாக 13 அல்லது 18 வோல்ட் மேலே அனுப்பித்தான் எல்என்பிக்கு, அதாவது டிஷ் முன்னால் நிற்கும் சிக்னல் பெருக்கிக்கு, உயிர். காசிமேடு, ராயபுரம் பக்கம் கடல் காற்றில் கனெக்டர் பச்சை பிடித்துப் படம் போனால், முதலில் டிஷ்ஷைத் திருப்பாதீர்கள், கனெக்டரைப் பாருங்கள்.

ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயர் செய்து பழகிய கைக்கு இந்த வேலை பிடிபடாது. டிஷ்ஷுக்கு வரும் சிக்னல் போல 12 கிகாஹெர்ட்ஸில் ஒரு அலையின் நீளமே 2.5 செ.மீ.தான். ஒரு மில்லிமீட்டர் ஈயம் கூடினாலும் கணக்கு மாறும். போர்டில் ஓடும் செப்புக் கோட்டின் அகலமும் நீளமுமே காயில், கபாசிட்டர் வேலையைச் செய்கின்றன. சிக்னல் முட்டித் திரும்பாமல் டிரான்சிஸ்டருக்குள் நுழைய அவைதான் வழி. டிஷ்ஷுக்குப் படம் அனுப்பும் செயற்கைக்கோள் இருப்பதோ 35,786 கி.மீ. உயரத்தில். வந்து விழும் மிச்சசொச்சத்தில் முதல் டிரான்சிஸ்டர் எவ்வளவு இரைச்சல் சேர்க்கிறது என்பதுதான் எல்லாம். பின்னால் எத்தனை அடுக்கு போட்டாலும் அந்த இரைச்சலும் சேர்ந்தே பெருகும். அதனால் அந்த முதல் இடத்தில் 1979-ல் ஜப்பானின் ஃபுஜிட்சு கம்பெனியில் தகாஷி மிமுரா கண்ட, இரைச்சல் குறைந்த ஹெம்ட் வகை டிரான்சிஸ்டர் உட்காருகிறது. படகுகளின் ஜிபிஎஸ் ஆன்டெனாக் குமிழுக்குள்ளும் இரைச்சல் குறைந்த சின்ன ஆம்ப்ளிஃபயர் ஒன்று உண்டு. டவர் அனுப்பும் பக்கம் தேவை வேறு, சக்தியும் சூடு தாங்குவதும். அங்கே இப்போது காலியம் நைட்ரைடு என்ற பொருளில் செய்த டிரான்சிஸ்டர் நிறைய வருகிறது.

சரி, குடோன் பெட்டிக்கு வருவோம். ஆடி மாதம் கூழ் ஊற்றும் இடத்தில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் 'கீ...' என்று கத்துமே, அதேதான். 70 டெசிபல் பூஸ்டர் என்றால் சக்தி ஒரு கோடி மடங்கு. மாடி ஆன்டெனாவுக்கும் குடோன் ஆன்டெனாவுக்கும் நடுவே இருந்தது இரண்டு தளம். வெளியே போனது அந்தத் தடுப்பைத் தாண்டி உள்ளே திரும்பி வந்து, மறுபடி பெருகி, பெட்டி தானாகவே கத்தத் தொடங்கியது. மனிதக் காதுக்குக் கேட்காது. டவரின் காதை அடைத்துவிடும். டவர் பேசுவது போனுக்குக் கேட்கிறது, அதனால் கோடு முழுசு. போன் பேசுவது டவருக்குக் கேட்பதில்லை.

உரிமம் இல்லாமல் இப்படியொரு வயர்லெஸ் கருவி வைத்திருக்கக் கூடாது என்பது 1933-லிருந்தே சட்டம். பூஸ்டர் வைப்பது மொபைல் கம்பெனியின் வேலை. பில் உரிமம் ஆகாது.

"அப்போ குடோன்ல நான் எப்படி சார் பேசறது?" நியாயமான கேள்விதான். கடையில் பிராட்பேண்ட் இருந்தது. டவர் சிக்னல் இல்லாமல் வைஃபை வழியாகவே பேசும் வைஃபை காலிங்கைப் போன் செட்டிங்கில் திறந்து கொடுத்தேன், குடோனில் நின்றே மனைவிக்குப் போட்டுப் பேசினார். ஆனாலும் மாடியில் ஆன்டெனாவை இறக்கி முடிக்கும்வரை அந்தப் பில்லைக் கையை விட்டு வைக்கவில்லை.