பள்ளி திறக்கும் முன்பு வயிற்றில் புளியைக் கரைப்பது எது?

அக்னி நட்சத்திரம் முடிந்து, பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் நோட்டு வாங்கக் கூட்டம் சேரும்போதே சில பிள்ளைகளுக்கு வயிற்றில் புளியைக் கரைக்க ஆரம்பித்துவிடும். ஐந்தாவது முடித்து வேறு பள்ளியில் ஆறாவது சேர்பவர்களுக்கும், பத்தாவது முடித்துப் புது குரூப் எடுத்தவர்களுக்கும் இது கொஞ்சம் கூடுதல். "லீவுல ஆட்டம் போட்ட கொழுப்பு" என்று பெரியவர்கள் ஒரே வரியில் தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். உடம்புக்குள் நடக்கிற கதை வேறு.

மூளையின் ஆழத்தில் இருக்கும் அமிக்டலா, ஆபத்து வாடை பட்டதும் மூளையின் இன்னொரு பகுதியான ஹைபோதலாமஸை உசுப்புகிறது. அங்கிருந்து போகும் உத்தரவில், சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் சில நொடிகளிலேயே அட்ரினலின் என்ற ஹார்மோனைக் கொட்டுகின்றன. இன்னொரு ஹார்மோனான கார்ட்டிசால் நிதானமாக வரும்; உச்சத்தைத் தொட இருபது, முப்பது நிமிடம் ஆகும். ஓடுவதற்கோ சண்டை போடுவதற்கோ தசைகளுக்கு ரத்தம் வேண்டுமே, அதனால் குடலுக்குப் போகும் ரத்தம் குறைகிறது. இரைப்பை வேலையை மெதுவாக்கிக்கொள்கிறது, பெருங்குடலோ அவசரப்படுகிறது. காலையில் இட்லி இறங்காமல் தவித்து, ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கிற நேரம் பார்த்து பாத்ரூமுக்கு ஓடும் பிள்ளை நாடகம் போடவில்லை.

சரி, பள்ளிக்கூடத்தில் அப்படி என்ன ஆபத்து? இதற்கு லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் நடந்து, 2016இல் வெளியான ஒரு சோதனை நல்ல பதில் வைத்திருக்கிறது. கலந்துகொண்டவர்கள் கணினி விளையாட்டு ஒன்றில் பாறைகளைப் புரட்ட வேண்டும். அடியில் பாம்பு இருக்கிறதா இல்லையா என்று முன்கூட்டியே ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் நிஜமாகவே ஒரு மின் அதிர்ச்சி சுரீர் என்று விழும். எந்தப் பாறைக்குக் கீழே பாம்பு வரும் என்ற கணக்கை ஆய்வாளர்கள் நடுநடுவே மாற்றிக்கொண்டே இருந்தார்கள். கண்ணின் பாப்பா எவ்வளவு விரிகிறது, தோல் எவ்வளவு வியர்க்கிறது என்று அளந்து பார்த்தால், பாம்பு நிச்சயம் என்று தெரிந்தபோது பதற்றம் உச்சத்தில் இல்லை. இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்று பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்தபோதுதான் உச்சம். அடி விழப்போவது உறுதி என்று தெரிந்தவர்கள்கூட அதைவிட நிம்மதியாக இருந்திருக்கிறார்கள்! அப்புறம் இன்னொன்று: நிச்சயமின்மைக்கு ஏற்றபடி யாருடைய பதற்றம் ஏறி இறங்கியதோ, அவர்களே பாம்பைச் சரியாக ஊகித்தார்கள். பதற்றம் முழுக்க வீண் செலவு இல்லை.

பிள்ளைகளை உட்கார வைத்துக் கேட்டால் பாறைகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். எந்த செக்‌ஷன்? கிளாஸ் மிஸ் யாரு? பாத்ரூம் எந்தப் பக்கம்? லஞ்சுக்கு யார்கூட உட்காருறது? பாடம் கஷ்டமாக இருக்குமோ என்ற கவலை பெரும்பாலும் இதற்கெல்லாம் பிறகுதான். ஆகவே "பயப்படாதே" என்று பத்து தடவை சொல்வதைவிட, திறப்பதற்கு முன் ஒரு நாள் அதே பேருந்தில் பள்ளி வாசல் வரை கூட்டிப்போய் வருவது மேல். எந்த ஸ்டாப்பில் இறங்குவது, எந்த இடத்தில் ரோடு தாண்டுவது என்று தெரிந்துவிட்டால் இரண்டு பாறைகள் காலி. அதே செக்‌ஷனில் ஒரு தெரிந்த முகம் கிடைத்தால் மூன்றாவதும் காலி.

முதல் நாள் இரவு தூக்கம் வராமல் புரண்டால் மூச்சு உதவும். மூச்சை இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமாகவும், விடும்போது மெதுவாகவும் துடிக்கும். மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பின் வேலை அது. மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்த்தால் பல பிள்ளைகள் தாங்களே இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விட்டால் போதும்.

பள்ளி வாசலில் நிற்கும்போது அமைதி தேடுவது அவ்வளவு எளிதில்லை. ஹார்வர்டைச் சேர்ந்த அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பாடுவதற்கு முன் "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொன்னவர்கள் "எனக்குப் பதற்றமாக இருக்கிறது" என்று சொன்னவர்களைவிட நன்றாகப் பாடினார்கள். இரண்டு நிலையிலும் நெஞ்சு ஒரே மாதிரிதான் படபடக்கிறது. படபடப்பை அடக்குவதைவிட அதன் பெயரை மாற்றுவது சுலபம்.

இனி இலக்கு. சார்ட் பேப்பரில் ஸ்கெட்ச் பேனாவால் "இந்த வருஷம் 95%" என்று எழுதி அலமாரியில் ஒட்டுவது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. மதிப்பெண் பாதிதான் பிள்ளையின் கையில் இருக்கிறது. இருக்குமோ இருக்காதோ என்ற பாம்பு அங்கேயும் வந்து சுருண்டுகொள்ளும். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் காட்டிய வழி வேறு: இன்னது நடந்ததும் இன்னதைச் செய்வேன் என்று முன்பே முடிவு செய்துகொள்வது. "டியூஷன் விட்டு வந்து டிபன் தட்டைக் கழுவி வைத்ததும் கணக்கு நோட்டைத் திறப்பேன்." "புரியாத வரி வந்தால் பென்சிலால் வட்டம் போட்டு, மறுநாள் மிஸ்ஸிடம் கேட்பேன்." தட்டு கழுவுவது தினமும் நடக்கிற காரியம் என்பதால், எப்போது படிப்பது என்ற யோசனைக்கே இடமில்லாமல் போகிறது. அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006இல் 94 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வெறுமனே ஆசைப்பட்டவர்களைவிட இப்படித் திட்டம் போட்டவர்கள் நன்றாகவே முன்னேறியிருந்தார்கள். ஒன்றிரண்டு போதும், பத்து எழுதினால் அதுவே இன்னொரு சிலபஸ் ஆகிவிடும்.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஓரிரு வாரங்களில் வயிறு அடங்கிவிடும். அதற்குப் பிறகும் தினமும் காலையில் வயிற்றுவலி, பள்ளிக்குப் போகமாட்டேன் என்ற அழுகை, தூக்கமின்மை எல்லாம் தொடர்ந்தால் குழந்தைகள் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் தொலைபேசி மனநல உதவி) இலவச எண்ணில் 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.