சாவி அருகில்தான் இருக்கிறதா?

உலோகச் சாவியைக் கார்க் கதவின் சாவித்துளையில் செருகித் திருப்பும்போது மூன்று உண்மைகள் ஒரே அசைவில் உறுதியாகிவிடுகின்றன. சாவி அந்தப் பூட்டுக்கு உரியது. அது பூட்டுக்குள்ளேயே இருக்கிறது. கதவைத் திறக்கும் எண்ணத்தோடு ஒருவர் அதைத் திருப்புகிறார். சட்டைப்பையில் கிடந்தபடியே காரைத் திறந்துவிடும் சாவியில் இந்த மூன்றும் தனித்தனியே பிரிந்துபோகின்றன. முதல் உண்மையை இன்றைய மின்னணுச் சாவிகள் உலோகச் சாவியால் எட்டவே முடியாத உறுதியோடு நிரூபிக்கின்றன. இரண்டாவதை, அதாவது சாவி பக்கத்தில்தான் இருக்கிறது என்பதை, இன்று ஓடும் கார்களில் பெரும்பாலானவை நிரூபிப்பதில்லை, ஊகித்துக்கொள்கின்றன. இந்த வகைக் கார்களின் வசதியும் அவற்றைக் குறிவைக்கும் திருட்டும் அந்த ஊகத்தின் மேல்தான் நிற்கின்றன.

பழைய பூட்டிலிருந்தே தொடங்கலாம். அதற்குள் ஓர் உருளை இருக்கிறது. உருளையில் வரிசையாகச் செருகப்பட்ட மெல்லிய தகடுகளைச் சிறு ஸ்பிரிங்குகள் வெளியே தள்ளிக்கொண்டிருப்பதால், அவை சுற்றியுள்ள கூட்டின் பள்ளத்தில் நீட்டி நின்று உருளையைச் சுழலவிடாமல் தடுக்கின்றன. உரிய சாவி உள்ளே போனதும் அதன் வெட்டுகள் ஒவ்வொரு தகட்டையும் தேவையான அளவுக்கு உள்ளிழுக்க, எதுவும் நீட்டிக்கொண்டிராத நிலையில் உருளை சுழல்கிறது. தகடுகள் பத்துக்கு மேல் இருப்பது அரிது. ஒவ்வொன்றுக்கும் சில உயரங்களே உண்டு. ஆண்டுக்கணக்கில் தேய்ந்த பூட்டு கிட்டத்தட்ட ஒத்திருக்கும் வேறொரு சாவிக்கும் இணங்கிவிடுவது இதனால்தான். சாவியைச் சிறிது நேரம் கையில் பெற்றவர் கள்ளச்சாவி வெட்டிக்கொள்ளலாம்; அந்தப் பொறுமையும் இல்லாதவர் ஸ்க்ரூடிரைவரால் உருளையை உடைத்து, பின்னாலுள்ள ஒயர்களைச் சேர்த்து இன்ஜினைக் கிளப்பிவிடலாம்.

இந்தக் குறையைத் தீர்த்தது இம்மொபிலைசர் என்ற கருவி. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் அரிசிமணியைவிடச் சற்றே பெரிய சிப் ஒன்று இருக்கும். அதற்கு பேட்டரி கிடையாது. சாவி போடும் இடத்தைச் சுற்றியுள்ள செப்புக் கம்பிச் சுருளில் மின்சாரம் பாயும்போது உண்டாகும் காந்தப்புலமே அந்தச் சிப்புக்கு வேண்டிய ஆற்றலைத் தருகிறது. கார் ஓர் எண்ணைத் தற்போக்காகத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறது. சிப், தன்னிடமுள்ள ரகசிய எண்ணையும் வந்த எண்ணையும் சேர்த்துக் கணக்கிட்டு விடையைத் திருப்புகிறது. காரும் அதே கணக்கைத் தனியே போட்டுப் பார்த்து, இரண்டும் ஒத்துவந்தால் மட்டுமே இன்ஜினுக்கு எரிபொருள் செல்ல அனுமதிக்கிறது. ரகசிய எண் ஒருபோதும் காற்றில் அனுப்பப்படுவதில்லை. அனுப்பப்படும் கேள்வியோ ஒவ்வொரு முறையும் வேறு. இன்று ஒட்டுக்கேட்ட விடை நாளைய கேள்விக்கு உதவாது. ஐரோப்பிய ஒன்றியம் 1998 முதல் புதிய கார்களில் இதைக் கட்டாயமாக்கியது.

பழைய வகைச் சாவியே பாதுகாப்பானது என்று நம்புவோர் அமெரிக்காவில் நடந்ததைக் கவனிக்க வேண்டும். அங்கே 2015ஆம் ஆண்டின் ஹூண்டாய், கியா மாடல்களில் 26 விழுக்காட்டில் மட்டுமே இம்மொபிலைசர் இயல்பாகப் பொருத்தப்பட்டிருந்தது. பிற நிறுவனங்களின் மாடல்களில் இந்த அளவு 96 விழுக்காடு. சில ஆண்டுகள் கழித்து, இம்மொபிலைசர் இல்லாத அந்தக் கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழுள்ள மூடியைப் பெயர்த்துவிட்டு, யுஎஸ்பி கேபிளின் முனையைச் சாவிபோல் பொருத்தித் திருப்பியே இன்ஜினைக் கிளப்ப முடியும் என்பதைக் காட்டும் காணொளிகள் சமூக ஊடகங்களில் பரவின. அந்தக் கார்கள் பெருமளவில் களவு போயின. களவு போனவை சாவியைத் திருப்பிக் கிளப்பும் கார்கள்தான். அதே நிறுவனங்களின் பொத்தான் அழுத்திக் கிளப்பும் கார்களில் இம்மொபிலைசர் இருந்ததால் இந்தத் தந்திரம் அவற்றிடம் பலிக்கவில்லை. ஆகவே, சாவி எந்த வடிவில் இருக்கிறது என்பதைவிட அதற்குள் சிப் இருக்கிறதா என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. அந்தச் சிப்பின் ரகசிய எண் போதிய நீளம் கொண்டதா என்பது அடுத்தது. 40 பிட் நீளமுள்ள எண்ணுக்கு ஒரு லட்சம் கோடிக்குச் சற்று அதிகமான வாய்ப்புகள் உண்டு. மனிதருக்கு மலைப்பைத் தரும் இந்தத் தொகை கணினிக்குச் சிறியது. அத்தகைய சிப் ஒன்றை 2005இல் அமெரிக்க ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டிய பிறகும், அதே குறியாக்கம் ஒரு டெஸ்லா காரின் சாவியில் இருந்ததை 2018இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தினர் கண்டறிந்து, அந்தச் சாவியை நொடிகளில் நகலெடுத்தனர்.

பொத்தானை அழுத்தித் தொலைவிலிருந்து திறக்கும் ரிமோட் சாவி 1982இல் ரெனோ ஃபுவேகோ காரில் வந்தது. தொடக்கக் கால ரிமோட்டுகள் ஒவ்வொரு முறையும் ஒரே குறியீட்டை அனுப்பியதால், அதைப் பதிவுசெய்து மீண்டும் ஒலிபரப்பினாலே கதவு திறந்தது. பின்னர் வந்த மாறும் குறியீட்டு முறையில், சாவியும் காரும் ஆளுக்கொரு எண்ணிக்கையை வைத்துக்கொள்ள, சாவி ஒவ்வோர் அழுத்தத்துக்கும் அதை ஒன்று கூட்டி, குறியாக்கம் செய்து அனுப்புகிறது. ஒருமுறை பயன்பட்ட குறியீடு அத்தோடு செல்லாததாகிவிடும். காருக்கு எட்டாத இடத்தில் குழந்தை ஒன்று பொத்தானை நான்கைந்து முறை அழுத்தி விளையாடினாலும் சாவி பழுதாவதில்லை, ஏனெனில் எதிர்பார்க்கும் எண்ணுக்கு அடுத்து வரும் சில எண்கள் வரை கார் ஏற்றுக்கொள்ளும்.

கையால் தொடவே வேண்டாத சாவி 1998இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காரோடு பெயர்பெற்றது. கதவின் கைப்பிடியில் விரல் பட்டதும் நிகழ்வதைச் சற்று மெதுவாக்கிப் பார்ப்போம். கைப்பிடிக்குள் இருக்கும் உணரி விரலை அறிந்து காரின் கணினியை எழுப்புகிறது. கதவில் உள்ள ஆன்டெனா, 125 கிலோஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த அதிர்வெண்ணில் ஓர் அழைப்பை விடுக்கிறது. ஒன்றிரண்டு மீட்டருக்குள் சாவி இருந்தால் அது விழித்துக்கொண்டு, கார் கேட்ட கணக்குக்கு உரிய விடையை 315 அல்லது 433 மெகாஹெர்ட்ஸ் அளவிலான உயர்ந்த அதிர்வெண்ணில் அனுப்புகிறது. பூட்டு விடுபடுகிறது. கைப்பிடியை இழுத்து முடிப்பதற்குள் இவ்வளவும் நடந்துவிடுகிறது. ஸ்டார்ட் பொத்தானை அழுத்தும்போது, காருக்குள் இருக்கும் ஆன்டெனாக்கள் சாவி உள்ளேதான் இருக்கிறதா என்று இதேபோல் இன்னொரு முறை விசாரிக்கின்றன.

அழைப்புக்கு ஓர் அதிர்வெண், விடைக்கு வேறோர் அதிர்வெண் என்ற ஏற்பாட்டில்தான் இந்தப் பொறியியலின் நுட்பம் அடங்கியிருக்கிறது. 125 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் 2,400 மீட்டர். அவ்வளவு நீண்ட அலையைக் கதவுக்குள் அடங்கும் சிறு ஆன்டெனாவால் வானொலி நிலையம்போல் பரப்ப முடியாது. அது தன்னைச் சுற்றி ஒரு காந்தப்புலத்தை மட்டுமே எழுப்பும். அந்தப் புலமோ தொலைவின் மூன்றாம் அடுக்கில் தேய்கிறது: தொலைவு இருமடங்கானால் வலிமை எட்டில் ஒன்று, நான்கு மடங்கானால் அறுபத்து நான்கில் ஒன்று. இப்படிச் சட்டென்று வற்றிவிடும் இயல்பையே பொறியாளர்கள் வேலியாகக் கொண்டார்கள். அழைப்பு சில அடிகளுக்கு அப்பால் கேட்காது; ஆகவே அழைப்பைக் கேட்ட சாவி அருகில்தான் இருக்க வேண்டும். தொடக்கத்தில் சொன்ன ஊகம் இதுதான்.

இத்தகைய சாவி ஒன்றின் மூடியைக் கவனமாகப் பிரித்தால், வட்டமான சிறிய பேட்டரிக்குப் பக்கத்தில் கருப்பு நிறத்தில் ஒரு சிறு கட்டை தெரியும். அதற்குள் மூன்று செப்புக் கம்பிச் சுருள்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாகச் சுற்றப்பட்டிருக்கின்றன. பையில் சாவி எப்படிக் கிடந்தாலும், நிமிர்ந்தோ கவிழ்ந்தோ சாய்ந்தோ, ஏதேனும் ஒரு சுருளாவது காரின் புலத்தை உணர்ந்துவிடும். கூட்டின் ஓரத்தில் ஒளிந்திருக்கும் உலோகச் சாவியையும் பார்க்கலாம். பேட்டரி தீர்ந்துபோனால் அதைக் கொண்டு கதவைத் திறந்துவிடலாம். இன்ஜினைக் கிளப்ப, பெரும்பாலான கார்களில், சாவியை ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டவைத்தோ, அதற்கென விடப்பட்ட இடத்தில் வைத்தோ அழுத்தினால் போதும். பேட்டரி இல்லாத பழைய இம்மொபிலைசர் முறை அங்கே கைகொடுக்கிறது. இதை அறியாமல், நடுவழியில் தவித்து உதவிக்கு ஆள் வரும்வரை காத்திருப்போர் பலர் என்பதால் இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

இனி ஊகம் உடையும் இடத்துக்கு வருவோம். 2011இல் சூரிக் நகரின் இடிஹெச் கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மூவர், எட்டு நிறுவனங்களின் பத்து கார் மாடல்களைச் சோதித்து வெளியிட்ட முடிவு, இத்துறையின் திருப்புமுனை. ஒருவர் காரின் அருகே ஒரு ஆன்டெனாவோடு நிற்கிறார். மற்றொருவர் சாவி இருக்கும் இடத்துக்கு அருகே இன்னொரு ஆன்டெனாவோடு நிற்கிறார். காரின் அழைப்பை முதலாமவரின் கருவி பிடித்து இரண்டாவது கருவிக்கு அனுப்ப, அது சாவியின் பக்கத்தில் அந்த அழைப்பை மறுபடி எழுப்புகிறது. சாவி ஏமாறவில்லை, உண்மையான காரின் உண்மையான கேள்விக்கு உண்மையான விடையைத்தான் தருகிறது. 50 மீட்டர் வரை, இடையில் பார்வை மறைந்த நிலையிலும், இது பலித்தது. விடையைத் திருப்பி அனுப்பக் கருவியே தேவைப்படவில்லை, ஏனெனில் உயர் அதிர்வெண்ணில் வரும் விடை தானாகவே அவ்வளவு தூரம் எட்டிவிடுகிறது. எந்தக் குறியாக்கமும் உடைக்கப்படவில்லை. ரகசிய எண் எவ்வளவு நீளமாக இருந்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது.

கார் கிளம்பிச் சாவியை விட்டுத் தொலைவு போனதும் ஏன் நின்றுவிடுவதில்லை என்ற கேள்வி எழும். பேட்டரி தீர்வதாலோ குறுக்கீட்டாலோ சாவியின் தொடர்பு அறும்போது, ஓடும் கார் நெடுஞ்சாலையில் திடீரென நின்றால் உயிருக்கே ஆபத்து. அதனால் கார் நிற்காமல், எச்சரிக்கை ஒலியை மட்டும் எழுப்புகிறது. இந்த முடிவு சரியானதே. திருடனுக்கும் அது உதவுகிறது என்பது தவிர்க்க முடியாத விலை.

மூன்றாவது உண்மையாகச் சொன்ன எண்ணமும் இந்தச் சாவியில் நழுவுகிறது. சாவியைப் பிடுங்காமல் பழைய காரை விட்டுப் போகும் பழக்கம் பெரும்பாலானோருக்கு இல்லை. பிடுங்க வேண்டுமானால் முதலில் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைக்க வேண்டும். பொத்தான் அழுத்தும் காரிலோ, ஓசை குறைந்த இன்ஜின் ஓடிக்கொண்டிருப்பதை மறந்து, சாவியைப் பையில் வைத்தபடியே ஒருவர் வீட்டுக்குள் போய்விட முடியும். வீட்டோடு ஒட்டிய மூடிய கார் கொட்டகையில் இப்படி விடப்பட்ட கார்களின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடால் உயிர்கள் போயிருக்கின்றன. குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் இன்ஜின் தானாக அணையும் ஏற்பாட்டுக்கு விதி வகுக்குமாறு அமெரிக்கா 2021இல் சட்டமியற்றியது இதனால்தான். மறுபக்கம், இரு கைகளிலும் சுமையோடு வருபவருக்கும், விரல் மூட்டு வலியால் சாவியைத் திருப்ப முடியாதவருக்கும் இந்தச் சாவி தரும் ஆறுதல் சிறியதன்று. சாவியைக் காருக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு வெளியே நிற்கும் அவதியும், உள்ளே சாவி இருந்தால் கதவு பூட்ட மறுப்பதால், வெகுவாகக் குறைந்திருக்கிறது.

அருகாமையை ஊகிக்காமல் அளக்கும் வழி அல்ட்ரா வைட்பேண்ட் என்ற அகன்ற அலைவரிசை முறை. ஒளியும் ரேடியோ அலையும் ஒரு நானோ நொடியில் 30 சென்டிமீட்டர் செல்லும். கார் அனுப்பிய துடிப்புக்குச் சாவியின் பதில் எத்தனை நானோ நொடிகளில் திரும்புகிறது என்று அளந்தால் தொலைவு தெரிந்துவிடும். இடையில் கருவி வைத்துக் கடத்துபவர் சமிக்ஞையை எவ்வளவு வலுவாக்கினாலும், அது பயணிக்கும் நேரத்தைக் கூட்டத்தான் முடியுமே தவிரக் குறைக்க முடியாது. பழைய சாவிகளால் இதைச் செய்ய முடியாததற்குக் காரணம், அவற்றின் அலைவரிசை குறுகியது. குறுகிய வரிசையில் துடிப்பு மெதுவாகவே எழுந்து மெதுவாகவே அடங்கும், அதன் தொடக்கம் எந்த நானோ நொடியில் என்று சொல்ல இயலாது. 500 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள வரிசையிலோ துடிப்பு இரண்டு நானோ நொடியளவுக்குக் கூர்மையாகிறது. விடையை முன்கூட்டியே போலியாக அனுப்பி ஏமாற்றாதபடி, துடிப்புகளின் வரிசையையே ரகசிய எண்ணால் கலைத்து அனுப்பும் முறையை 2020இல் வந்த தரநிலை சேர்த்தது. 2021இல், கைப்பேசியையே சாவியாக்கும் பொதுத் தரநிலையும் இதை ஏற்றுக்கொண்டது. கதவு இப்படி வலுத்தபின் திருட்டு வேறு வாசலைத் தேடுகிறது: முகப்பு விளக்கின் பின்னால் செல்லும் ஒயர்களில் கருவியை இணைத்து, சாவி சரிபார்க்கப்பட்டுவிட்டது என்ற பொய்ச் செய்தியைக் காரின் கணினிகளை இணைக்கும் உள்வலையில் புகுத்தும் முறை 2023இல் வெளிச்சத்துக்கு வந்தது.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கார்களின் உரிமையாளர்களுக்கு இன்று சில எளிய வழிகளே உண்டு. சில சாவிகளில் அசைவுணரி இருக்கிறது. சில நிமிடம் அசையாமல் கிடந்தால் சாவி உறங்கிவிடும், எந்த அழைப்புக்கும் விடை தராது. சில கார்களில் தொடாமல் திறக்கும் வசதியை அமைப்புகளில் சென்று நிறுத்திவிடலாம். இரண்டும் இல்லாதவர்கள், இறுக மூடும் உலோக டப்பாவிலோ உலோக இழை நெய்த பையிலோ சாவியை வைக்கலாம். வாங்கிய பை வேலை செய்கிறதா என்று அறிய, சாவியை அதற்குள் மூடி எடுத்துக்கொண்டு பூட்டிய கார்க் கதவை ஒட்டி நின்று கைப்பிடியை இழுத்துப் பாருங்கள். கதவு திறந்தால் அந்தப் பையால் பயனில்லை. மடித்து மடித்து இழைகள் மடிப்போரங்களில் அறுந்துபோவதால், இன்று தேறிய பையையும் சில மாதங்களுக்கு ஒருமுறை இதேபோல் சோதித்துக்கொள்ள வேண்டும்.