வெள்ளியில் சிவப்பை எப்படி எழுதுவது?

ஒரு பழைய ஆங்கிலேய வெள்ளித் தாம்பாளம். நடுவில் கேடயம், கேடயத்துக்குள் சிங்கம். சிங்கம் சிவப்பு, கேடயம் தங்க நிறம். தாம்பாளத்தில் ஒரு சொட்டு வண்ணம்கூடக் கிடையாது. ஆனால் விவரம் தெரிந்தவர் பார்த்தவுடன் நிறத்தைச் சொல்லிவிடுவார். சிங்கத்தின் உடம்பில் நெடுக்குக் கோடுகள், கேடயத்தில் புள்ளிகள். சூட்சுமம் அவ்வளவுதான்.

ஐரோப்பியக் குலச்சின்னங்களில் நிறம் அழகுக்காக வந்ததல்ல. நீலக் கேடயத்தில் வெள்ளைச் சிங்கம் ஒரு குடும்பம் என்றால், சிவப்புக் கேடயத்தில் அதே சிங்கம் வேறொரு குடும்பம். கொடியிலும் சுவரிலும் வண்ணம் பூசிவிடலாம். சோறு தின்னும் தட்டில் என்ன செய்வது? 17ஆம் நூற்றாண்டில் இதற்குப் பல கோட்டு முறைகளை முயன்று பார்த்தார்கள். அவற்றில் நிலைத்தது, சில்வெஸ்டர் பெத்ரா சாங்க்தா என்ற இயேசு சபைத் துறவி 1638இல் வெளியிட்ட நூலில் உள்ள முறை. நெடுக்குக் கோடு சிவப்பு, கிடைக்கோடு நீலம், இரண்டும் பின்னிக்கொண்டால் கறுப்பு. நமக்கு இடப்பக்க மேல்மூலையிலிருந்து வலப்பக்கக் கீழ்மூலைக்குச் சாய்ந்தால் பச்சை, எதிர்ப்பக்கம் சாய்ந்தால் ஊதா. புள்ளி வைத்தால் தங்கம். ஒன்றுமே செய்யாமல் விட்டால் வெள்ளி! செதுக்குகிறவருக்கு இதைவிட லாபமான நிறம் கிடைக்காது.

செதுக்குவது என்றால் உண்மையிலேயே செதுக்குவதுதான். சுத்த வெள்ளி மிகவும் மெத்தென்று இருக்கும் என்பதால், இத்தகைய தட்டுகளுக்குப் பயன்படும் ஸ்டெர்லிங் என்ற கலப்பு வெள்ளியில் 92.5 சதவீதம்தான் வெள்ளி. மீதி பெரும்பாலும் செம்பு. அதன்மேல் கூர்மையான சிற்றுளியைக் கையால் தள்ளிக்கொண்டே போனால், தகடு மயிரிழைச் சுருளாக எழும்பி வரும். விழுந்த பள்ளம் ஆங்கில 'வி' வடிவில் இருக்கும். சமதளம் ஒளியை ஒரு பக்கமாகத் திருப்பும். பள்ளத்தின் சாய்ந்த சுவர்கள் வேறு பக்கம் திருப்பும். கோடு கண்ணுக்குத் தெரிவது இதனால்தான்.

அப்புறம் கறுப்பு. காற்றில் துளியளவு இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடு ஆகிறது. கொலுசு கறுப்பதும் இதே சங்கதிதான். மேற்பரப்பைத் துணியால் துடைத்தால் கறுப்பு போய்விடும். பள்ளத்துக்குள் துணி எட்டாது. அங்கே தங்கிய கறுப்பு மை போட்டதுபோல் கோட்டை எடுத்துக் காட்டும். அலுமினியத் தாள் போட்டு, சமையல் சோடா கலந்த வெந்நீரில் முக்கினால் அழுகிய முட்டை நாற்றம் வரும், சல்ஃபைடு மறுபடி வெள்ளியாகிவிடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பள்ளத்திலிருந்த கறுப்பும் சேர்ந்து போய், சின்னம் வெளிறிவிடும். பழம்பொருள் சேகரிப்பவர்கள் இந்த வைத்தியத்தைக் கண்டு பயப்படுவது அதனால்தான்.

பாலிஷ் போட்டுத் தேய்ப்பது மட்டும் நல்லதா என்றால் அதுவும் இல்லை. ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் உலோகம் போகிறது. இருநூறு வருடம் தேய்த்த தட்டில் முதலில் அழிவது ஆழமில்லாத நிறக் கோடுகள். சிங்கம் நிற்கும், நிறம் போய்விடும். அப்போது அது எந்தக் குடும்பத்துச் சிங்கம்?

பெரிய கைகளும் இந்த வேலையைச் செய்திருக்கின்றன. லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் வால்போல் தாம்பாளம் என்று ஒன்று இருக்கிறது. முதலாம் ஜார்ஜ் மன்னர் 1727இல் இறந்ததும் பயனற்றுப் போன அரசு முத்திரையின் வெள்ளி, நிதியமைச்சர் ராபர்ட் வால்போலுக்குப் போனது. அதைத் தாம்பாளமாக்கியவர் பால் டி லாமெரி. முத்திரையின் இரண்டு முகங்களையும் நடுவில் செதுக்கியவர் ஓவியர் வில்லியம் ஹோகார்த் என்று கருதுகிறார்கள். அவர் வெள்ளி செதுக்கும் பட்டறையில் தொழில் பழகியவர்தான்.

தட்டு கைமாறினால் புதுச் சொந்தக்காரர் பழைய சின்னத்தைத் தேய்த்து அழித்துவிட்டுத் தன் சின்னத்தைப் போடுவதும் உண்டு. தேய்த்த இடம் மெலிந்துபோகும். கட்டைவிரலால் அழுத்தினால் லேசாக நெளியும். இன்னொரு சோதனைக்குக் காசே வேண்டாம். தட்டை முகத்தருகே பிடித்து, கண்ணாடியில் ஊதுவதுபோல் ஒரு மூச்சு விடவேண்டும். ஈரம் படிந்து பளபளப்பு அடங்கும் அந்தச் சில நொடிகளில், புதுச் சின்னத்தின் அடியிலிருந்து பழைய கேடயத்தின் விளிம்பு சில சமயம் மங்கலாகத் தெரியும்.